குறைபாடு யாருக்கு, எதனால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுத்திறனாளிகள் மருத்துவ முகாம்களில் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காரும்போது, வரிசையில் நிற்பவர்களும் அவர்களோடு வந்தவர்களும் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். எத்தனை பேர், எதனால், ஏன் எங்கள் வீட்டில் என்று சுற்றிச் சுற்றி வரும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இந்தியாவைப் பற்றியது. தமிழ்நாட்டுக்கென்று தனியாக விஷயம் இருந்தால் அதையும் சேர்த்திருக்கிறேன்.

நம்ம நாட்டுல மொத்தம் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்காங்க?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2.68 கோடி பேர். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். இவர்களில் சுமார் 1.5 கோடி பேர் ஆண்கள், 1.18 கோடி பேர் பெண்கள். பத்துப் பேரில் ஏழு பேர் கிராமத்தில் இருப்பவர்கள். 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வும் 2.2 சதவீதம் என்றே சொன்னது.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் 2011-இல் எடுத்த எண்ணை வைத்தே இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு குறைபாடு இருக்குன்னு படிச்சேன். இங்க நூத்துக்கு ரெண்டு பேர்தானா?

நீங்கள் படித்தது சரி. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்கு 130 கோடி பேர், அதாவது 16 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 2018-இல் எடுத்த ஆய்வில் 17.7 சதவீதம் வந்தது. அங்கே முதியவர்கள் அதிகம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், கேள்வி கேட்கும் விதம்.

நம் வீட்டு வாசலில் வந்து நிற்பவர், "இந்த வீட்ல மாற்றுத்திறனாளிங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார். உள்ளே பாட்டி சுவரைத் தடவித் தடவித்தான் கழிவறைக்குப் போகிறார். கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் காதில் விழுகிறது. மருமகள் சொல்லும் பதில், "அப்படி யாரும் இல்லீங்க." அவர் பொய் சொல்லவில்லை. பாட்டிக்கு வயதாகிவிட்டது என்றுதான் அவர் நினைக்கிறார். அதே வாசலில், "கண்ணாடி போட்ட பிறகும் பார்ப்பதில் சிரமம் உண்டா? கொஞ்சமா, ரொம்பவா, சுத்தமாக முடியாதா?" என்று நடப்பது, கேட்பது, நினைவு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் பாட்டி கணக்கில் வந்திருப்பார். வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டுக் குழு வகுத்த ஆறு கேள்விகள் இப்படித்தான் கேட்கின்றன. குறைபாடு என்ற சொல்லே அவற்றில் வராது.

ஆகவே எண்ணிக்கை கூடினால் நாடு கெட்டுப்போகிறது என்று பயப்பட வேண்டாம். நம் விஷயத்தில், கூடினால் இத்தனை நாள் விட்டுப்போனவர்கள் உள்ளே வருகிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள்.

எந்தக் குறைபாடு அதிகம்?

2011 கணக்கில் கை கால் இயக்கக் குறைபாடு 54 லட்சம் பேருக்கு, செவித்திறன் குறைபாடு 51 லட்சம் பேருக்கு, பார்வைக் குறைபாடு 50 லட்சம் பேருக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு 21 லட்சம் பேருக்கு, பேச்சுக் குறைபாடு 20 லட்சம் பேருக்கு, அறிவுசார் குறைபாடு 15 லட்சம் பேருக்கு. 'மற்றவை' என்ற கட்டத்தில் மட்டும் 49 லட்சம் பேர். யார் இவர்கள் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

மனநோய் என்று பதிவானவர்கள் வெறும் 7 லட்சம் பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. எல்லாருக்கும் அது வாழ்க்கையை முடக்கும் குறைபாடாக மாறுவதில்லை. அப்படியிருந்தும் 7 லட்சம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. வாசலில் நிற்கும் அந்நியரிடம் எந்தக் குடும்பமும் மனநோயைச் சொல்லாது.

2001-ல பார்வை இல்லாதவங்க ஒரு கோடி, 2011-ல அதுல பாதி. பத்து வருஷத்துல எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சிருச்சா?

இல்லை, விதி மாறியது. 2001-இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் பார்வைக் குறைபாட்டில் சேர்த்தார்கள். 2011-இல் சேர்க்கவில்லை. செவித்திறனில் இது தலைகீழ். கருவி வைத்துக்கொண்டால் கேட்கும் என்பவரை 2001-இல் விட்டுவிட்டார்கள், 2011-இல் சேர்த்துக்கொண்டார்கள். 2001-இல் சுமார் 13 லட்சமாக இருந்த எண்ணிக்கை 51 லட்சமானதற்கு இதுவும் ஒரு காரணம். யாருக்கும் திடீரென்று காது அடைத்துவிடவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2001-இல் 16.4 லட்சம் மாற்றுத்திறனாளிகள், 2011-இல் 11.8 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் 'குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

போலியோ ஒழிஞ்சாச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் இத்தனை பேர் காலை இழுத்து இழுத்து நடக்கறாங்க?

புதிதாக வருவது நின்றுவிட்டது. 1995-இல் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. 2009-இல்கூட 741 பேருக்கு வந்தது. கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை, 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அங்கன்வாடி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் பெட்டியிலும் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றவர்களின் உழைப்பு அது.

நீங்கள் பார்ப்பவர்கள் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். பெரும்பாலோர் இன்று முப்பதைத் தாண்டி அறுபது எழுபது வரை இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயது ஏற ஏற, இத்தனை நாள் தாங்கிய தசைகளிலும் பலம் குறைகிறது. 'முன்ன நடந்தேன், இப்ப முடியல' என்று அவர்கள் சொன்னால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். போலியோவுக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் பாதிப்பு என்று மருத்துவத்திலேயே இதற்குத் தனிப் பெயர் இருக்கிறது.

எங்க பையனுக்குக் காய்ச்சல்னு ஊசி போட்டாங்க. அதுக்கப்புறம்தான் கால் விழுந்துச்சு. ஊசிதானே காரணம்?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பல தாய்மார்கள் இதை வருடக்கணக்காகச் சொல்லி, யாரும் காது கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது.

போலியோ கிருமி தொற்றிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வாதம் வரும். ஆனால் கிருமி உடம்பில் இருக்கும் அந்தச் சில நாட்களில் தசையில் ஊசி போட்டால், ஊசி போட்ட காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நாம் நம்பிய காலத்தில், அப்படிப் போன கால்கள் நிறைய. வாதத்துக்கு மூலம் போலியோ கிருமி, அதைத் தூண்டியது ஊசி.

போலியோ போன பிறகும் இன்னொன்று நடக்கிறது. சின்னக் குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே பின்பக்கம் போடும் ஊசி, அங்கே ஓடும் பெரிய நரம்பில் பட்டுவிட்டால் பாதம் தொங்கிவிடும். அதனால்தான் கைக்குழந்தைகளுக்குத் தொடையின் வெளிப்புறத்தில் போடச் சொல்கிறார்கள். காய்ச்சலுக்கு ஊசி கேட்டு வற்புறுத்தாதீர்கள். தடுப்பூசியை இதோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அதை உரிய நாளில் போட்டே ஆக வேண்டும்.

எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் பல் மஞ்சள், பெரியவங்களுக்கு முதுகு வளையல. தண்ணிதான் காரணமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் ஆமாம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்து, அதையே வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை. பிறகு அது எலும்பில் படிகிறது. எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் கல்லாக இறுகுகின்றன. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவார்கள், தரையில் உட்கார முடியாது, சில குழந்தைகளுக்கு முழங்கால் வளையும். தெலங்கானாவின் நல்கொண்டாவில் தலைமுறைகளாக இதைப் பார்க்கலாம்.

பாறையில் இருக்கும் ஃபுளோரைடுதான் தண்ணீரில் கரைகிறது. திறந்த கிணறு வற்றி ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய பல ஊர்களில் பாதிப்பு கூடியது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு மிஞ்சும், அவ்வளவுதான். எலும்பில் ஏறியதை இறக்க மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அந்தக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்க, கழுவ மட்டும் எடுங்கள்.

மனிதர் கையால் கெட்ட மண்ணும் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். 2000 வரை அது நடந்தது. கீழே இருந்த கிராமங்களில் பிறவிக் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்தன. உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்த மருந்தைத் தடை செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-இல் உத்தரவிட்டது. அதற்குள் அந்தக் குழந்தைகளில் பலர் பெரியவர்களாகிவிட்டார்கள்.

கிரகணத்தன்னிக்கு வெளியே போனதாலதான் குழந்தைக்கு உதடு பிளந்துச்சுன்னு மாமியார் சொல்றாங்க.

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் தொடர்பு இல்லை. கருவின் மேலுதடு கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்திலேயே சேர்ந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று உறுதியாகும் நேரமே அதுதான். பரம்பரை, ஃபோலிக் அமிலக் குறைவு, சில வலிப்பு மாத்திரைகள், புகை ஆகியவை அறிந்த காரணங்கள். பல குழந்தைகளுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. உதட்டுப் பிளவை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். மாமியாரிடம் சண்டை போடுவதைவிட, அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

சொந்தத்துல கட்டினா குழந்தைக்குக் குறை வரும்ங்கறாங்க. எங்க வீட்ல மூணு தலைமுறையா சொந்தம்தான், எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?

நன்றாக இருப்பது உண்மை, ஆபத்து கூடுவதும் உண்மை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். தாய்மாமன் கட்டுவதில் ரத்த உறவு இன்னும் நெருக்கம், ஆபத்தும் அதிகம். அதாவது நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் நன்றாகவே பிறப்பார்கள். உங்கள் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனால் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். நாடு முழுவதும் அது 11 சதவீதம். இத்தனை குடும்பங்களில் அந்த இரண்டு மூன்றையும் கூட்டினால் பெரிய எண் வரும். பிறவியிலேயே காது கேளாமை அதில் முக்கியமானது. ஏற்கெனவே வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த திருமணத்தையும் சொந்தத்திலேயே முடிப்பதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கர்ப்பத்துல எல்லா ஸ்கேனும் நல்லா இருந்துச்சு. பொறந்தப்புறம் எப்படி இப்படி ஆச்சு?

பிறக்கும் அந்தச் சில நிமிடங்களும் பிறந்த முதல் சில வாரங்களும் மிக முக்கியம். குழந்தை உடனே அழாமல் மூளைக்கு ஆக்சிஜன் தட்டுப்பட்டால் மூளை முடக்குவாதம் வரலாம். கடுமையான மஞ்சள் காமாலையை வெயிலில் காட்டினால் போதும் என்று விட்டால் காதும் மூளையும் பாதிக்கப்படும். குறைமாதக் குழந்தைகளை இப்போது அரசு மருத்துவமனைகளிலேயே காப்பாற்றிவிடுகிறார்கள். அப்படிப் பிழைத்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தவறினால் பார்வை போய்விடலாம், பிறகு மீட்க முடியாது.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா, லேசான தடிப்போடு போய்விடும். குழந்தைக்குக் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். அதற்கான அரசுத் தடுப்பூசி இயக்கம் 2017-இல் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில்தான் முதலில் தொடங்கியது. தாய்க்கு அயோடின் குறைவு இன்னொன்று, அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. நாம் வாங்கும் உப்புப் பாக்கெட்டுக்குப் பின்னால் அந்த ஆய்வு இருக்கிறது.

போன ஜென்மத்துப் பாவம்னு சொல்றாங்களே?

இதுவரை சொன்ன காரணங்களைத் திரும்பப் படியுங்கள். தண்ணீர், ஊசி, காமாலை, உப்பு. இதில் எந்த இடத்திலும் குழந்தையின் பாவம் இல்லை. அம்மாவின் பாவமும் இல்லை. அப்படிச் சொல்பவர்களால் நேரும் உண்மையான கேடு, சிகிச்சைக்குப் போக வேண்டிய மாதங்கள் பரிகாரத்தில் போவது. கோயிலுக்குப் போங்கள், தாராளமாக. மருத்துவமனைக்கும் அதே வாரம் போங்கள்.

தொழுநோயும் ஒழிஞ்சாச்சுன்னாங்க. ஏன் இன்னும் விரல் போகுது?

2005-இல் இந்தியா அறிவித்தது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று. அது முழு ஒழிப்பு அல்ல. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்றும் இந்தியர்கள்தான்.

விரலை நோய் நேரடியாகத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. புண் ஆழமாகி எலும்பு வரை போகும். 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தவும் செய்தார். மாத்திரை இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் ஒன்று தெரிந்தவுடன் போனால் விரல் போகாது.

இப்போ புதுசா குறைபாடு எதனால அதிகமா வருது?

சாலை, சர்க்கரை, முதுமை. 2022-இல் மட்டும் நாட்டில் 4.61 லட்சம் சாலை விபத்துகள், 1.68 லட்சம் சாவுகள், 4.43 லட்சம் பேருக்குக் காயம். இறந்தவர்களைத்தான் செய்தியில் சொல்கிறார்கள். தலைக்காயத்தோடும் முதுகுத்தண்டு முறிவோடும் வீடு திரும்பியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விபத்து நடந்த இடத்தில் கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கி உட்கார வைப்போம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் முறிந்த எலும்பு தண்டுவடத்தை வெட்டுவது சில நேரம் அப்போதுதான். 108 வரும்வரை கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் படுத்தபடியே விடுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்கு 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது.

சர்க்கரையில் நடப்பது தொழுநோயில் நடப்பதைப் போன்றதே: உணர்ச்சி போன பாதம், தெரியாத புண், கடைசியில் காலை எடுப்பது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு. இனி வரும் ஆண்டுகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். முதுமையில் கண்புரை. ஐம்பதைத் தாண்டியவர்களின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்கு அதனால்தான், அதுவும் அறுவைச் சிகிச்சையில் தீரக்கூடியது. மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்களே வளைந்திருந்தன. அந்த விரல்களோடுதான் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார்.

பெண்கள்ல குறைபாடு கம்மியா? கணக்குல ஆம்பளைங்கதானே அதிகம்?

விபத்து, இயந்திர வேலை ஆகியவற்றால் ஆண்களுக்குக் காயம் அதிகம், அது உண்மை. ஆனால் மீதி வித்தியாசத்தை உடம்பால் விளக்க முடியாது. 2001-இல் தமிழ்நாட்டில் பெண்களின் எண்ணிக்கைதான் அதிகம். நாட்டிலேயே அப்படி இருந்த ஒரே மாநிலம் இது. 2011-இல் அதே தமிழ்நாட்டில் ஆண்கள் 6.6 லட்சம், பெண்கள் 5.2 லட்சம். பத்தாண்டில் பெண்களின் உடம்பு மாறிவிடவில்லை. பெண்ணுக்குக் குறை என்று சொன்னால் அவளுக்கும் தங்கைக்கும் வரன் தட்டும் என்று மறைக்கிறார்கள். சிகிச்சைக்கு அழைத்துப் போவதிலும் பையனுக்குத்தான் முதலிடம். கவனிப்பு இல்லாமல் சீக்கிரம் இறந்துபோகும் பெண் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஏழைங்களுக்குத்தான் ஏன் எல்லாம் வருது?

வறுமையில் சத்தில்லாத கர்ப்பம், தாமதமான பிரசவ உதவி, பாதுகாப்பில்லாத கதிரடிக்கும் இயந்திரம். குறைபாடு வந்த பிறகு வேலை போகிறது, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகிறது. 2018 தேசிய மாதிரி ஆய்வில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களும் சேர்ந்தே 24 சதவீதத்துக்குள்தான். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். சான்று இல்லையென்றால் உதவித்தொகை, பஸ் பாஸ், இட ஒதுக்கீடு எதுவும் இல்லை. பத்தில் ஏழு பேர் அந்த வாசலையே எட்டவில்லை.

ஆட்டிசம்லாம் எங்க காலத்துல இல்லையே, இப்ப மட்டும் எப்படி?

இருந்தது, பெயர்தான் தெரியவில்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, அரிவாள் செல் சோகை, அமிலவீச்சுப் பாதிப்பு எல்லாம் உள்ளே வந்தன. 2011 கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குக் கட்டமே கிடையாது. அந்த 'மற்றவை' மூட்டையில் எத்தனை குழந்தைகள் இருந்தார்களோ.

2027-ல கணக்கெடுக்க வருவாங்களே, சொன்னா பொண்ணு கல்யாணத்துக்குப் பிரச்சினை வராதா?

வராது. 1948 கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்லும் தனிப்பட்ட விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. சான்றிதழ் இருக்கிறதா என்பதும் முக்கியமில்லை, நீங்கள் சொல்வதே பதிவு. நலத்திட்டம் பெறக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு வேறு, இது வேறு.

பக்கத்து வீட்டார் காதில் விழும் என்று தயக்கமாக இருந்தால், வருபவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போனால் நீங்களே நிறுத்திச் சொல்லுங்கள். பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.